சவ்விச் பந்தயம் கட்டிய தாடி

கடலுக்கே நாடி பிடித்துப் பார்த்தவர் மூவுலகிலும் யெரெமேய் சவ்விச் ஒருவர்தான். வடதுருவத்தில் ஒரு நீரோட்டம் திரும்பிப் படுக்க நினைத்தால்கூட, அவர் கூடாரத்து வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு உத்தரவு கேட்கும். திமிங்கிலங்கள் அவரிடம் வழி விசாரித்துப் போவதைப் பார்த்தவர் உண்டு. பார்த்தவர் சவ்விச்தான், நம்பித்தான் ஆகவேண்டும்.

நம் ஆய்வு முகாமைச் சுமக்கும் பனிப்பாளம் எந்தப் பக்கம் மிதந்தாலும் அவருக்கு ஒரே வேலை. கூடாரத்துக்குள் பனியில் வெட்டிய துளை உறையாமல் காப்பது, விசிறி வைத்த கருவியை அதன்வழியே கம்பியில் கட்டி இறக்கி நீரோட்டத்தை அளப்பது.

அந்த ஏப்ரலில் மேல்நீர் சும்மா கிடந்தது, அடிநீரும் சும்மா கிடந்தது. நடுவில், நூற்றைம்பது மீட்டரில், விசிறி பேய் பிடித்ததுபோல் சுற்றியது. கம்பி சாய்ந்து துளையின் விளிம்பை உரசியது.

"கீழ ஒரு சுழல் போகுது, நிகானோரிச்! உசிரோட போகுது!"

முகாம் தலைவர் நிகானோரிச் சூப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "உன் கருவிக்கு வயசாயிடுச்சு, சவ்விச். இதை அறிக்கையில ஏத்தினா கரையில இருக்கிறவன் சிரிப்பான். வேற இடத்துல துளை போட்டு, புதுக் கருவியில காட்டு. ஏத்துறேன்."

மூன்று மீட்டர் பனியை யார் வெட்டுவது? மெக்கானிக்குக்கு முதுகுவலி. மருத்துவருக்கு மெக்கானிக்கின் முதுகுவலி. சமையற்காரர் ஸினோவிக்குக் கையெல்லாம் மாவு.

சவ்விச் மேசையில் குத்தினார். "சுழல் இல்லேன்னா தாடியை மழிச்சுக்கறேன். இங்கேயே, ஸினோவி கத்தியால!"

முதுகுவலி பறந்தது. ஆளுக்கொரு இனிப்புப்பால் டின்னில் பெயரைக் கீறி, பந்தயப் பெட்டியில் 'உண்டு', 'இல்லை' என்று பிரித்த பக்கங்களில் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு ஓடினார்கள்.

"சவ்விச், உள்ள மோவாய்னு ஒண்ணு இருக்கா, வெறும் மயிருதானா?"

"ஊருக்குப் போய்ப் பாரு, உன் பொண்டாட்டியே அடையாளம் தெரியாம உன்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுவா!"

சவ்விச் சிரித்துக்கொண்டே கடப்பாரையை இன்னும் ஓங்கிப் போட்டார். தாடி வளர்ந்துவிடும். சுழல் நழுவிவிட்டால், அப்படி ஒன்று இருந்ததென்று சொல்ல ஆளிருக்காது.

கடைசியில் உப்புநீர் பீறிட்டு மருத்துவரைக் குளிப்பாட்டியது. புதுக் கருவி இறங்கியது. ஐம்பது மீட்டர், அசைவில்லை. நூறு, அசைவில்லை. ஸினோவி கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

கம்பி நடுங்கியது. மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது.

நிகானோரிச் ஓடிவந்து பிடித்தார். "இழுக்குதுய்யா! நெசமாவே இழுக்குது!"

அவ்வளவுதான், தாடி மறந்துபோனது. "நகருய்யா, நானும் தொட்டுப் பார்க்கறேன்!" என்று தோற்றவர்களெல்லாம் முண்டினார்கள். ஸினோவி கத்தியை எறிந்துவிட்டு ஆடினார். நிகானோரிச் அங்கேயே, கையுறையைக் கழற்றி, சுழலை அறிக்கையில் ஏற்றினார்.

அப்புறம் பெட்டியைத் திறந்தார்கள். சவ்விச் பக்கம் ஒரே ஒரு டின். அதில் ஆணியால் கீறிய பெயர் 'வெனியா'. தோண்டும்போது தாடிக்கு ஒப்பாரி பாடி எல்லாரையும் சிரிக்கவைத்த வானொலிக்காரன். முகாம் சுவரில் ஒட்டும் இந்தப் பத்திரிகைக் கட்டுரையை எழுதுகிறவனும் அவனே.

"நீயாடா என் பக்கம்?" சவ்விச்சின் கண் பனித்தது. டின்னை எடுத்தார். டின்னில் கனமில்லை, கை தானாக மேலே போயிற்று. திருப்பினார். அடியில் இரண்டு ஓட்டை, மெழுகு வைத்து அடைத்தவை.

"பாசம் இருக்குடா, வெனியா," என்றார். "பால் எங்க?"