ஒரு நொடிப் பச்சை

ஆகஸ்ட் வெயிலில், அமெரிக்காவில் பர்பாங்க் ஊர் கார்ட்டூன் ஸ்டூடியோவில், பனிக்கு வெள்ளை அடித்தவர்கள் நாங்கள். பதினாறு பெண்கள், ஒரே மின்விசிறி. ஈரப் பெயின்டில் தூசி ஒட்டுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். வழிதவறிய ஆட்டுக்குட்டி ஒன்று வீடு தேடும் அரைமணி நேர கார்ட்டூன். அதற்காக வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் கையால் வண்ணம் தீட்டுவது எங்கள் வேலை. கிறிஸ்துமஸுக்கு டிவியில் வந்தாக வேண்டும். கதை யோசித்தவர்களுக்கு மட்டும் ஏசி அறை.

பக்கத்து மேசை வெர்னாவுக்கு அன்று விடுப்பில்லாத இருபதாவது நாள். அவள் கண் சொக்குவதைப் பார்த்தேன். பாவம், இரண்டு நிமிடம் போகட்டும் என்று எழுப்பாமல் விட்டேன். தூக்கத்திலும் அவள் கை நிற்கவில்லை. ஆட்டுக்குட்டியின் சிவப்பு மப்ளர் பன்னிரண்டு படங்களில் பச்சையாகிவிட்டது. திரையில் அது ஒரு நொடி.

"விடும்மா, யாரு கவனிக்கப் போறாங்க? இன்னிக்கே கேமராவுக்குப் போகணும்" என்றார் மேற்பார்வையாளர்.

கவனித்தார்கள். வருடா வருடம் அந்த நொடிக்காகவே பிள்ளைகள் காத்திருந்தார்கள். "பச்சை!" என்று முதலில் கத்துபவருக்கு முதல் குக்கி. ஊர் ஊராக இதே கூத்து. அத்தனை கச்சிதமான படத்தில் யாரோ அசந்துபோனதுதான் பிடித்ததோ என்னவோ. பெயர்ப் பட்டியலில் எங்களில் ஒருத்தி பெயரும் இல்லை. வெர்னாவோ அந்தக் கட்டம் வந்ததும், ஏதோ கருகுகிறது என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். அவ்வளவு வெட்கம்.

முப்பத்திரண்டு வருடம் கழித்துப் படத்தைப் புதுப்பிக்கும் கம்பெனியிலிருந்து, பழைய சம்பளப் பட்டியலில் பெயரைத் தேடிப் பிடித்து, அவளுக்கு போன் வந்தது. நான் அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"மேடம், அந்த மப்ளர் அங்கயும் சிவப்புதானே? சரி பண்ணிடறோம்."

வெர்னா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இல்லப்பா, பச்சைதான். டைரக்டரே அப்படித்தான் போடச் சொன்னாரு."

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அடிப்பாவி, இந்த வயசுல பொய்யா?"

"அந்தப் படத்துல நான் இருக்கறதே அந்த ஒரு நொடிதான், கோனி. அதையும் துடைச்சிட்டா எனக்கு என்னடி மிச்சம்?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த டிசம்பரில் வெர்னா அடுப்படிக்குப் போகவில்லை. மகள் வீட்டில், சாயங்காலமே டிவிக்கு நேரெதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து அவளுக்குச் சமையல் வேலை வேறு.

"பச்சை!" பேரப்பிள்ளைகள் மூவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் நான் எழுப்பவில்லை.