கட்டோடு இருபத்தாறு றாத்தல்

டயகமவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஐம்பத்தேழாம் வருஷம் அங்கே நன்றாக வளர்ந்த குழந்தை என்று பரிசு வாங்கியது நாகலெட்சுமி. வயது இருபது மாதம். எடை இருபத்தாறு றாத்தல். பரிசு, தோட்டத்துத் துரைசாணி கையால், தேய்த்துக் குளிக்க ஒரு வாசனைச் சவர்க்காரம். பரிசு வாங்கிய அன்று அந்தக் குழந்தையால் உட்கார முடியாது, நிற்க முடியாது, குளிக்கவும் முடியாது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. தராசும் பொய் சொல்லவில்லை. சங்கடமே அதுதான்.

குழந்தையின் தாய் காளியாயி கொழுந்து பறிக்கிறவள். புருஷன் அழகுமுத்து கவ்வாத்துக் கத்தியோடு தேயிலையின் தலையைச் சீவப் போகிறவன். நாகலெட்சுமிக்கு அடுத்தவன் செல்லசாமி, நாலு மாதக் கைக்குழந்தை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒற்றை அறை, அந்த ஒரு காம்பராவில் நாலு உயிர். மழை பெய்தால் கூரை வழியாக ஐந்தாவது ஆளாக அதுவும் உள்ளே வந்துவிடும்.

நாகலெட்சுமி பிந்தித்தான் நடந்தாள். நடந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். லயத்துச் சனம் அதை ரசித்தது.

"பாருடி, தொரசாணி கணக்கா ஆட்டிக்கிட்டு வர்றதை!" என்று பக்கத்துக் காம்பரா ராக்காயி திருஷ்டி கழித்தாள். தோட்டத்து மருந்துக்காரர் பொன்னையா மீன் எண்ணெய் கொடுத்தார். காய்ச்சலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர் கொடுப்பது மீன் எண்ணெய்தான்.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போதுதான் காளியாயி கண்டாள். பிள்ளையை மல்லாத்தி இரண்டு காலையும் மடக்கி வைத்தால், ஒரு முழங்கால் மற்றதைவிட இரண்டு விரல்கடை தாழ்ந்து நின்றது. எத்தனை தடவை வைத்தாலும் தாழ்ந்தே நின்றது. அதற்குமேல் அவள் மீன் எண்ணெயை நம்பவில்லை. பஸ் ஏறி, தலவாக்கலையில் ரயில் ஏறி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த எலும்பு டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கையைக் குழித்து, மற்றக் கையைப் பொத்தி அதன் விளிம்பில் வைத்துக் காட்டினார். "தொடை எலும்பின்ர உருண்டை இந்தக் குழிக்குள்ள இருக்கவேணும். உன்ர பிள்ளைக்கு அது வெளியில நிக்குது. உள்ளுக்கு வைச்சுக் கட்டு போடுறன். பத்துக் கிழமை அசையக் கூடாது." கிழமை என்று அவர் சொன்னது வாரத்தை.

நெஞ்சிலிருந்து இரண்டு கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. தவளையைப் போலக் காலை விரித்து, நடுவில் மலஜலத்துக்கு ஒரு திறப்பு. அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார்.

"ஒண்டு, கட்டு நனையக் கூடாது. மற்றது, பிள்ளை மெலியக் கூடாது. மெலிஞ்சா உள்ளுக்கு இடம் வரும். இடம் வந்தா எலும்பு திரும்ப வெளியில வந்திடும். பிறகு வெட்டித்தான் பாக்கவேணும். வெட்டினாலும் நொண்டாது எண்டு நான் சொல்லமாட்டன்."

டயகமவில் நனையாமல் இருப்பதும், லயத்தில் மெலியாமல் இருப்பதும்! டாக்டர் நல்லவர். இந்தப் பக்கம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

நனையாமல் பார்த்துக்கொண்டாள். விரித்த கால் இடுப்பில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்ததால் தூக்குவதும் பெரிய பாடாக இல்லை. ஆனால் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகாவிட்டால் வேலை இல்லை. விடிந்ததும் இரண்டு பிள்ளையையும் பிள்ளைக்காம்பராவில் விடவேண்டும். மற்றப் பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் ஆட, நாகலெட்சுமி எந்தத் தொட்டிலிலும் அடங்காமல் சாக்கின்மேல் கவிழ்த்த முக்காலிபோலக் கிடந்தாள்.

அந்தக் காம்பராவில் தினமும் காலையில் ஒரு கோப்பை பால் உண்டு. இரண்டு வயதுக்குள், இருபது றாத்தலுக்குக் கீழே இருந்தால் பால். இருபதைத் தாண்டினால் பாலில்லாத சாயத்தண்ணி. கட்டுக்கு முன்னே நாகலெட்சுமி பதினெட்டு. பால் கிடைத்துக்கொண்டிருந்தது. மாதப் பிறப்பன்று பொன்னையா வந்து தராசில் எல்லாப் பிள்ளையையும் தூக்கி நிறுத்தார். நாகலெட்சுமி இருபத்தாறு. மீன் எண்ணெயின் மகிமையை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். பால் பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டது. துரைசாணிக்குச் செய்தி போனது. சவர்க்காரம் வந்தது.

காளியாயி மருந்துக்காம்பராவுக்கு ஓடினாள்.

"ஐயா, அந்தக் கட்டு எட்டு றாத்தலுங்க."

"எட்டுன்னு யாரு சொன்னா?"

"போன மாசம் பதினெட்டு, இந்த மாசம் இருபத்தாறு. நீங்கதானுங்களே எழுதுனீங்க."

"புள்ள வளந்திருக்கலாம்ல?"

"ஒரு மாசத்துல எட்டு றாத்தலுங்களா? பன்னிக்குட்டிகூட அப்படி வளராதுங்க."

பொன்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. "நானா மாட்டேங்கிறேன்? கட்டோட எடை தெரிஞ்சா இப்பவே கழிச்சு எழுதுறேன். கழட்டி நிறுத்துக் கொண்டா."

"கழட்டுனா எலும்பு வெளிய வந்துருமுங்க!"

"அப்பக் கழட்டாத."

இதற்கு மேல் ஒரு மனிதர் எவ்வளவு நியாயமாகப் பேசமுடியும்?

கட்டு வயிற்றைப் பிடித்ததால் நாகலெட்சுமிக்கு ரொட்டி இறங்கவில்லை. தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுத்தாலும் துப்பினாள். பால்தான் இறங்கும். வீட்டில் இருந்த பால் காளியாயியின் மார்பில் இருந்தது மட்டும். அது செல்லசாமியுடையது. வலது பக்கம் தம்பிக்கு, இடது பக்கம் அக்காவுக்கு என்று பிரித்தாள். இரண்டு நாளில் தம்பி கத்த ஆரம்பித்தான். மலையில் கொழுந்து பறிக்கிறபோதுகூட அந்தச் சத்தம் காதுக்குள் இருந்தது. மத்தியானம் பால் கொடுக்க ஓடி வந்தால், எந்தப் பிள்ளையை முதலில் தூக்குவது என்று தெரியாமல் வாசலில் நிற்பாள். ஆயா கத்துவாள்: "வந்தது வந்துட்டே, ஒண்ணையாவது எடேன்டி!"

ராக்காயி ஒரு வழி சொன்னாள். "தம்பி இருபதுக்குக் கீழதானே. அவன் பேர்ல பால் எழுதுவாங்க. அத இவளுக்கு ஊத்து."

"ஆறு மாசம் ஆகாத புள்ளைக்குப் பாலு கிடையாதாம்க்கா. அதுக்குத் தாய் இருக்காளாம்."

"யாரு சொன்னா?"

"சட்டமாம்."

"சட்டம் போட்டவன் எத்தன புள்ளைக்குப் பாலு குடுத்தானாம்?" என்றாள் ராக்காயி. சிரிப்பு வரவேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

காளியாயிக்கு ஒரு அளவு இருந்தது. கட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பாள். முதல் வாரம் ஒரு விரல் போனது. மூன்றாம் வாரம் இரண்டு. ஆறாம் வாரம் நாலு விரலும் போனது. அழகுமுத்துவின் கையைப் பிடித்து அவன் விரலையும் உள்ளே விட்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"தொர எழுதுனதுக்கு மேல நாம என்ன புள்ள பேசுறது?"

"தொர எழுதல. தராசு எழுதுச்சு. தராசுகிட்டயே பேசுறேன்."

சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடம் தோட்டத்தின் நீதிமன்றம். அங்கே நீதிபதி கணக்கப்பிள்ளை முத்துலிங்கம். முக்காலிக் கம்பில் தராசு தொங்கும். பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை மாட்டுவார்கள். அவர் முள்ளைப் பார்ப்பார், கூடையைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். கூடைக்கு மூன்று, மழைநாள் என்றால் ஈரத்துக்கு இரண்டு என்று கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுவார். அன்று தூறல். பெரியதுரையும் வந்து ஓரமாக நின்றிருந்தார்.

காளியாயி முறை வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த பிள்ளையைப் படங்குச் சாக்கில் வைத்து நாலு மூலையையும் முடிந்து தராசில் மாட்டினாள். மேலே தன் கம்பளியைக் குடையாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ காளியாயி! என்ன கூத்து இது?"

"கொழுந்துதானுங்க. நிறுங்க."

வரிசையில் சிரிப்பு வெடித்தது. முத்துலிங்கம் பழக்க தோஷத்தில் முள்ளைப் பார்த்துவிட்டார். "இருபத்தி நாலு."

காளியாயியின் முகம் மாறியது. "போன மாசம் இருபத்தாறுங்க. கட்டு எளைக்குமாங்க?"

சிரிப்பு நின்றது. கட்டு இளைக்காது என்று அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் விளங்கியது.

"கூடைக்கு மூணு கழிக்கிறீங்களே ஐயா, எந்தக் கூடையத் தனியா நிறுத்துப் பாத்தீங்க? ஈரத்துக்கு ரெண்டு கழிக்கிறீங்க, கொழுந்தப் புழிஞ்சா பாத்தீங்க? எங்களுக்குக் கழிக்கத் தெரியுதுல்ல? இந்தக் கட்டுக்கும் கண்ணால பாத்துக் கழிங்க. எம்புள்ள எத்தன றாத்தல்னு எழுதுங்க!"

துரை என்ன என்று கேட்டார். முத்துலிங்கம் அவ்வளவையும் நாலு இங்கிலீசுச் சொல்லில் அடக்கினார். துரை புன்னகைத்தார். பெண்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது, கூடைக்குக் கழிப்பதுபோலவே கழி என்று உத்தரவிட்டார்.

மூன்று. இருபத்து நாலில் மூன்று போக இருபத்தொன்று. பாலுக்கு இருபது. நீதி நடந்துவிட்டது. ஒரு றாத்தல்தான் மிச்சம்.

"ஈரத்துக்கு ரெண்டு கழிங்க ஐயா!" என்று ராக்காயி பின்னாலிருந்து கத்தினாள். "மழையிலதானே நிக்கிது!"

முத்துலிங்கம் குனிந்து கட்டைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் மனம் இளகியிருக்கவேண்டும், குரல் இறங்கியிருந்தது. "காஞ்சு கிடக்கே புள்ள. ஈரமா இருந்தா நான் கழிச்சிருவேன்."

காளியாயி அண்ணாந்து பார்த்தாள். தூறல் இப்போது மழையாகியிருந்தது. கம்பளியை ஒரு முழம் விலக்கினால் போதும், பால் கிடைக்கும். பால் கிடைத்தால் பிள்ளை மெலியாது. கம்பளியை விலக்கினால் கட்டு ஊறும். கட்டு ஊறினால் எலும்பு நிற்காது. அவள் கம்பளியை இன்னும் கீழே இறக்கி, பிள்ளையை அவிழ்த்துக்கொண்டு போனாள். அன்று அவள் கூடை நிறுபடவே இல்லை.

மறுநாள் பெரட்டுக்குப் போகாமல், சொன்ன தவணைக்கு மூன்று வாரம் முன்னாடியே, இரண்டு பிள்ளையோடும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். டாக்டர் கட்டுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் போனது. படம் எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"விளிம்பில நிக்குது. இன்னும் ரெண்டு கிழமை விட்டிருந்தா வெளியில வந்திருக்கும். புதுசாக் கட்டுறன். ஆனா பிள்ளையை இங்க விட்டிட்டுப் போ. பத்துக் கிழமை."

"நானும் இருக்கேனுங்க."

"கைக்குழந்தையோட வாட்டில இருக்க விடமாட்டினம்."

காளியாயி அழுதாள். கைக்குழந்தையைக் காட்டினாள், கட்டைக் காட்டினாள், டாக்டரின் காலைத் தொடப் போனாள். டாக்டர் பின்னால் நகர்ந்து, "இங்க ரெண்டு நேரமும் பால் குடுப்பினம்" என்றார்.

அவள் அழுகையை நிறுத்தினாள். "எத்தன றாத்தல் வரைக்குமுங்க?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் செல்லசாமி இரண்டு பக்கமும் குடித்தான். வயிறு முட்டக் குடித்துத் தூங்கினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் அழாமல் தூங்கினது அன்றைக்குத்தான். அவனைப் பார்க்கக் காளியாயிக்குப் பிடிக்கவில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவனைக் கண்டதிலிருந்து பிள்ளை பகல் முழுக்க அழுததாம்; இனி வராமல் இருப்பதே நல்லது என்று தாதி சொன்னாளாம். அவள் சொன்னபடியே அவர்கள் பிறகு போகவில்லை. சொன்னபடி கேட்பதில் அந்த லயத்துக்கு எவ்வளவோ பழக்கம்.

பத்து வாரம் கழித்து காளியாயி போனாள். கட்டு அவிழ்ந்திருந்தது. கன்னம் உப்பி, கழுத்தில் மடிப்பு விழுந்து, இதுதான் பரிசு வாங்கவேண்டிய குழந்தை. டாக்டர் இரண்டு முழங்காலையும் மடக்கிக் காட்டினார். இரண்டும் ஒரே மட்டம். எலும்பு குழிக்குள் உட்கார்ந்துவிட்டது. இனி ஒரு மெல்லிய வார்ப்பட்டை, ஆறு மாதம். கால் விரிய இடுப்பிலேயே தூக்கு, நடக்கும் என்றார்.

காளியாயி கையை நீட்டினாள். நாகலெட்சுமி திரும்பித் தாதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மே!" என்று அவளைக் கூப்பிட்டாள். காளியாயியைப் பார்த்து "எபா!" என்றாள், வேண்டாம் என்று. சிங்களம் படிக்கச்சொல்லி அரசாங்கம் கிளாக்கர்மாரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்த வருஷம் அது. தேயிலை மலையில் பிறந்த பிள்ளை ஒன்று, சட்டமும் தவணையும் இல்லாமல், பத்து வாரத்தில் படித்துவிட்டது. படித்ததற்கு இடம் கொடுக்கத் தமிழைக் காலி செய்திருந்தது.

தாதி கண்ணைத் துடைத்துக்கொண்டே பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள்.

ரயில் மலை ஏறியது. நாகலெட்சுமி இடுப்பில் இருக்க மறுத்து வில்லாக வளைந்தாள். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினாள். எதிரே இருந்த சிங்களப் பெண் ஒருத்தி, நாவலப்பிட்டியில் ஏறியவள், வாழைப்பழம் உரித்து நீட்டிப் பார்த்தாள். பிள்ளை தட்டிவிட்டது.

"என்னங்க கேக்குது?" என்றாள் காளியாயி. தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லும் அப்போது அவளுக்கு வரவில்லை.

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு தெரிந்த தமிழில் சொன்னாள்: "வீட்டுக்குப் போகணும், சொல்றது."

"வீட்டுக்குத்தானே ஆத்தா போறோம்" என்றாள் காளியாயி, பிள்ளையின் இரண்டு குதிகாலையும் உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "வீட்டுக்குத்தான் போறோம்."

தலவாக்கலை வரைக்கும் பிள்ளை அதையே கேட்டு அழுதது.