வெண்கலத்துக்கு வேறு புத்தி

காஜா பேராங்கில் பட்டறை வைத்திருந்த மாணிக்கவாசகம் இரும்பு வேலைக்காரர். ரப்பர் பால்மரம் சீவும் கத்தி, பாராங் என்னும் வெட்டுக்கத்தி, மாட்டுவண்டிச் சக்கரப் பட்டை எதுவும் அவர் கைக்கு அடங்கும். வெண்கலத்தை அவர் தொட்டது ஐம்பத்தேழாம் ஆண்டு, மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்கு முந்தின வாரங்களில்தான்.

பஜனைக் குழுவின் வெண்கலத் தாளம் உடைந்திருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரவழைக்கலாம் என்றார் குழுத் தலைவர் கருணாகரன்.

“எதுக்கு? நம்ம சுதந்திர ஊர்வலத்துக்கு நம்ம ஊருத் தாளமே அடிக்கட்டும். நான் செஞ்சு தர்றேன்” என்று எல்லார் நடுவிலும் மார்தட்டிவிட்டார் மாணிக்கவாசகம். கப்பலுக்குச் சொல்லி அனுப்பும் காலமும் கடந்துபோயிற்று.

உடைந்ததை உருக்கி வட்டத் தகடாக வார்த்தார். இரும்பை இளக்கச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீரில் போட்டால் விறைத்து, தட்டினால் முறிந்துவிடும். அப்படியே இதையும் சாம்பலில் ஆறவைத்து, நடுவைக் குழிக்கச் சுத்தியலால் தட்டினார். அப்பளமாக நொறுங்கியது.

வெண்கலத்தில் செம்போடு கலந்த வெள்ளீயம் கூடிவிட்டதோ என்று செம்புக் கம்பி சேர்த்து உருக்கினார். உடையவில்லை, ஆனால் பால்டின் மூடியைத் தட்டிய சத்தம்தான் வந்தது. வெள்ளீயத்தை மறுபடி கூட்டினார். நாதம் வந்தது, கூடவே விரிசலும் வந்தது.

கருணாகரன் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, ஆளுக்கு ஒரு சில்லு கையில கொடுத்து அனுப்பவா?”

மறுநாள் மங்கிய சிவப்பாகக் காய்ந்த தகட்டைச் சாம்பலில் வைக்கப் போனவரின் இடுக்கி நழுவியது. தகடு பின்வாசலில், அவர் மனைவி கமலவேணி காயவைத்திருந்த நெத்திலிப் பாயருகே விழுந்தது. அவள் அகப்பைக் காம்பால் அதைத் தள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டாள். புஸ்ஸென்றது.

“அடிப் பாவி! கெடுத்துட்டியே! இது இப்ப கண்ணாடி. ஒரே தட்டுல தூளாகும், பாரு!”

அவளுக்குக் காட்டுவதற்காகவே ஓங்கி அடித்தார். தகடு குழிந்தது. இன்னும் ஓங்கி அடித்தார். இன்னும் குழிந்தது.

“எங்கங்க தூள்?” என்றாள் கமலவேணி.

அவருக்குத் தன் இரும்புப் பாடத்திலேயே சந்தேகம் வந்தது. ஒரு பழைய உளியைக் காய்ச்சி அதே தொட்டியில் போட்டு அடித்தார். அது சடக்கென்று முறிந்தது. இரும்பு சரியாகத்தான் இருந்தது. தண்ணீரை முகர்ந்து பார்த்தார்.

“இதுல என்ன கலந்த?”

“ஒண்ணும் கலக்கல. காலையில உங்க பனியனை அலசினேன்.”

ஜோடிக்கான இரண்டாவது தகட்டைக் காய்ச்சியதும், வேறு தண்ணீரில் போட அவருக்குத் துணிவு வரவில்லை. பனியனைக் கழற்றி நீட்டினார். “எதுக்கும் இன்னொரு தடவை அலசிடு.”

ஊர்வலத்தன்று தாளம் கணீரென்று ஒலித்தது. கருணாகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“எப்படிண்ணே மசிஞ்சுது?”

“எனக்கே வெளங்கல, கருணா. செய்யணும்னா ஒரு அழுக்குப் பனியன் எடுத்துக்கிட்டு வா.”