மூக்கரின் ஸ்கேனர்

கார் பட்டறையில் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பானட்டைத் திறந்து ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும், கிளட்ச் கருகியதா, கூலன்ட் கசிகிறதா என்று சொல்லிவிடுவார். பட்டறை முதலாளி அவர் மனைவியின் அண்ணன். "எங்க மாப்ள மூக்குதான் இந்தப் பட்டறைக்கே மூலதனம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். தங்கையைக் கொடுத்தவர், பீற்றிக்கொள்ளட்டும்.

போன வருடம் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். பேரே மூக்கர், அந்தப் பேரில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. எப்படிச் சொல்வது?

சாப்பாடு சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா, அது மட்டும் தெரிந்தது. குழந்தை பிறந்தது அதற்கப்புறம்தான். "மோந்து பாருங்களேன், உச்சந்தலை என்ன வாசம்!" என்று மனைவி நீட்டுவாள். அவர் குனிந்துவிட்டு "ஆமாம்மா" என்பார். துக்கம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கால் மரத்துப்போனால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் தினமும் குனிந்து பார்த்தார்.

மூக்கு போனதும் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டார். எந்த வண்டி வந்தாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, திரையில் வரும் கோளாறு எண்ணைப் பார்த்தே வேலை செய்தார். "மாப்ள காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிட்டாரு" என்றார் மைத்துனர். அந்த மனிதருக்கு எதைப் பார்த்தாலும் பெருமைதான்.

ஒரு நாள் ஒரு டீச்சரம்மாவின் கார் பட்டறைக்கு வந்தது. இன்ஜின் விளக்கு எரிகிறது, மேடு ஏறினால் திணறுகிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றது ஸ்கேனர். காற்றுக் குழாயில் விரிசல் இருந்தது, மாற்றினார். பதிவான எண்ணை அழித்ததும் விளக்கு அணைந்தது. பானட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டுக் கை கழுவினார். டீச்சரம்மா பிள்ளைகள் இரண்டையும் பின்சீட்டில் ஏற்றினார்.

தடுப்பூசி போட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி அப்போது உள்ளே வந்தாள்.

"ஏங்க, என்ன இப்படிப் பெட்ரோல் நாத்தம்? வாசல் வரைக்கும் வருது!"

"எங்க?"

"எங்கயா? நீங்க நிக்கிற இடத்துலதான்!"

மூக்கர் பாய்ந்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். "பிள்ளைங்களை இறக்குங்க டீச்சர்!" பானட்டைத் தூக்கித் தடவினார். பெட்ரோல் குழாயின் இணைப்பு ஈரமாக இருந்தது. காற்றுக் குழாய் விரிசல் ஒரு பக்கம் இருக்க, பெட்ரோல் இங்கேயும் கசிந்துகொண்டிருந்திருக்கிறது, சூடான இன்ஜினுக்கு மேலேயே. தெருமுனை தாண்டுவதற்குள் பற்றியிருக்கலாம். அவருக்குப் பயம்கூட உடனே வரவில்லை.

சத்தம் கேட்டு மைத்துனர் ஓடிவந்தார். "எப்படி மாப்ள விட்டீங்க? உங்க மூக்கு எங்க போச்சு?"

"போன வருஷக் காய்ச்சல்லயே போச்சு மச்சான்."

மைத்துனர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். காரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "இனிமே இன்னொருத்தர் மோந்து பாக்காம உங்க கை பட்ட வண்டி வெளிய போகாது" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். பெருமையெல்லாம் எங்கே போயிற்றோ.

மனைவி கிட்டே வந்தாள்.

"அப்போ பாப்பா தலையை மோந்து மோந்து, ஆமாம்மா ஆமாம்மான்னீங்களே?"

"சொன்னேன்."

"ஒரு தடவைகூட…?"

"இல்ல." குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்துக் கேட்டார். "எப்படி இருக்கும்?"

"சொல்ல மாட்டேன் போங்க." பிறகு குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

"வேண்டாம்மா, கையெல்லாம் பெட்ரோல்."

"தெரியுது. எனக்கு வாசம் வருதுல்ல."

குழந்தையின் துண்டாலேயே அவர் கைகளைத் துடைத்துவிட்டு, அவர் கழுத்தோரம் குழந்தையின் தலையைச் சாய்த்தாள். மூக்கர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. சூடாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.