சேதி அவளுடையது, குரல் அவருடையது

அந்தச் சந்தையில் ஷட்டர் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. காலையில் கடைக்காரர்கள் வந்து பூட்டைத் திறந்துவிட்டு, ஷட்டரைத் தூக்காமல் வாசலிலேயே நிற்பார்கள். கூரையின் மூலைகளில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கிகள் கரகரக்கும். முதலில் சேதி வரும்: எந்தச் சரக்கு விலை ஏறியது, எது இறங்கியது, லாரி ஓடுமா ஓடாதா, வரி கட்டக் கடைசித் தேதி தள்ளிப்போயிருக்கிறதா. அப்புறம் ஆலோசனை. அது முடிந்த பிறகுதான் மொத்தச் சந்தையும் ஒரே சத்தமாகத் திறக்கும். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. முன்னாடியே திறந்தால் போணி ஆகாது என்று எல்லாரும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

சொல்பவர் சேதியண்ணன். வியாபாரிகள் சங்கம் அவருக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. அவரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் வேறு எதற்கு? நான் சொல்ல வந்தது அவர் மனைவியைப் பற்றி.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு பார்சல் ஆபீஸில் பில் போட்டவள். எந்த ஊர் மூட்டை குறைகிறது, எந்த ஊர் மூட்டை குவிகிறது என்பதை வைத்தே விலை ஏறப்போவதை மோப்பம் பிடித்துவிடுவாள். கல்யாணமான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. விடிந்ததும் போனைக் கையில் எடுத்தால் பார்சல் ஆபீஸ், மொத்த வியாபாரி, நகராட்சி பியூன் என்று ஒருவரையும் விடாமல் பேசி, கறந்து, சேதியைத் திரட்டி அவர் கையில் கொடுப்பாள். அவர் படிப்பார். சந்தை அவரைப் புகழும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கட்சி.

ஆலோசனை மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. காலை நேரத்தில் இளைப்பு அவரை ஆட்டி வைக்கும். நீளமாகப் பேச முடியாது. அதனால் மூச்சு நன்றாக இருக்கும் சாயங்காலங்களில் உட்கார்ந்து, நாலைந்து ஆலோசனைகளைச் சேர்த்துப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார். காலையில் சேதியைப் படித்துவிட்டு அதில் ஒன்றைத் தட்டிவிடுவார். இப்படியே வருஷக்கணக்காகச் சேர்ந்துபோயிருந்தது.

கடைசியில் அந்த இளைப்பே அவரைக் கொண்டுபோனது. காரியமெல்லாம் முடிந்த கையோடு, பல்புக்கடை வைத்திருக்கும் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, சேதிய இனிமே நீங்களே படிங்க. ஆலோசனைக்குத்தான் அண்ணனோட பதிவு கிடக்கே, அதப் போட்டுவிடுங்க. சந்தை பழையபடி இருக்கணும்."

அவள் உடனே சரி என்றாள். சந்தைக்காக இல்லை. தினமும் ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்கலாமே என்ற ஆசை. ஆசைதான், வேறென்ன.

முதல் நாள் "தம்பிங்களா, தங்கச்சிங்களா" என்று அவர் குரல் குழாயில் வந்தபோது பாதிச் சந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடுத்த வாரம் யாரும் துடைக்கவில்லை. அதற்கும் அடுத்த மாதம் பைக்கடை வைத்திருக்கும் ஒருத்தி, மைக் அறை வாசலில் நின்று சாதாரணமாகச் சொன்னாள்:

"அண்ணன் இன்னிக்கு நல்லாப் பேசினாரு அண்ணி. சளிகூடக் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு."

கிண்டலா என்று இவள் அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. பைக்கடைக்காரி நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு கவனித்துப் பார்த்தால் சந்தையே அப்படித்தான் பேசியது. அண்ணன் சொல்றாரு, அண்ணன் திட்டறாரு, அண்ணனுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல. ஒரு தடவை, "இந்த வருஷம் மழை வெளுத்து வாங்கப்போகுது, ரெயின்கோட் வாங்கிப் போடுங்க" என்று ஒரு பதிவு ஓடிவிட்டது. எந்த வருஷத்து மழையோ! அவள் முழுதும் கேட்காமல் தட்டிவிட்ட தப்பு. ஒரு வரிசைக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் ரெயின்கோட்டை மலையாகக் குவித்தார்கள். பெயருக்குக்கூட ஒரு தூறல் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மனிதர்கள் வந்து நாலு வார்த்தை கேட்பார்கள் என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. "அண்ணன் சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்" என்று வானத்தைத்தான் திட்டினார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் விலையில் ஒரு காசு தப்பாகப் போனாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிய ஆட்கள் இவர்கள்.

அவளுக்கும் என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. மைக் அறையில் அவர் நாற்காலியில் அவள் உட்காருவதில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். பதிவு ஓடும்போது காலி நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்ப்பாள். ஒருநாள் குரல் இருமியது. "இருங்க, வெந்நீர் கொண்டு வரேன்" என்று எழுந்துவிட்டாள். கதவுவரை போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவர் பாட்டுக்குக் கடை வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் தன் போக்கில் பேசிக்கொண்டே இருக்கும் புருஷனோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலைமையில்தான் பைக்கடைக்காரியின் பக்கத்துக் கடை காலியானது.

பைக்கடைக்காரிக்குப் புருஷன் விட்டுப்போனது ஓர் ஒற்றை அறை வீடு, ஒரு பெண் குழந்தை. மேற்கு வாசல் ஓரத்தில் ஸ்கூல் பை, பயணப் பை தொங்கவிட்டு வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். பக்கத்துக் கடையையும் பிடித்து, நடுச் சுவரை எடுத்துவிட்டால் பெரிய கடை. அதற்கு வீட்டை விற்க வேண்டும். விற்றுவிட்டுக் குழந்தையோடு கடைப் பரண்மேல் படுத்துக்கொள்வதாக உத்தேசம்.

"வீட்ட வித்துட்டா அப்புறம் உனக்குன்னு என்னம்மா இருக்கு?" என்றாள் இவள்.

"அதான் அண்ணி யோசனை. ராத்திரி பூரா தூக்கமில்ல. நாளான்னைக்குள்ள சொல்லணுமாம். நாளைக்குக் காலையில அண்ணன் என்ன சொல்றாரோ அதுதான் முடிவு."

இவள் மெதுவாகச் சொன்னாள்: "நகராட்சி பியூன் கூப்பிட்டாரும்மா. பஸ் ஸ்டாப்ப அந்தாண்ட தெருவுக்கு மாத்தப்போறாங்களாம். ஃபைல் மேல போயிடுச்சாம். மாத்திட்டா உன் வாசல் பக்கம் யாரு வருவா?"

"சேதி சேதியா இருக்கட்டும் அண்ணி. அண்ணன் சொல்லட்டும்."

"அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

"அண்ணனுக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

மத்தியானம் சந்தை ஓய்ந்து கிடந்த நேரத்தில் இவள் மைக் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். பதிவுகளுக்கு அவரே தலைப்புப் போட்டு வைத்திருந்தார். தேடியதும் கிடைத்தது: 'பக்கத்துக் கடை.' சத்தத்தைக் குறைத்துக் கேட்டாள்.

"பக்கத்துக் கடை காலியானா யோசிக்காதீங்க தம்பிங்களா. உடனே பிடிங்க. இந்த மாதிரி சந்தர்ப்பம் நம்மளத் தேடி இன்னொரு தடவை வராது."

நல்ல ஆலோசனைதான். சொன்ன வருஷத்துக்கு நல்ல ஆலோசனை. நாளைக்கு இதைப் போடாவிட்டால் சரி என்று முதலில் நினைத்தாள். ஆனால் வேறு எதைப் போட்டாலும் பைக்கடைக்காரி அதில் தனக்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொள்வாள். பல் தேய்க்கச் சொன்னால்கூடக் கடையைப் பிடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்கிற மனநிலையில் இருந்தாள் அவள்.

அப்போதுதான் இவளுக்கு அந்த எண்ணம் வந்தது. அவர் இருந்தபோது நீளமான இருமல்களை வெட்டி எடுத்துப் பதிவுகளைச் சுத்தம் செய்துகொடுத்ததே இவள்தானே. கை தானாக வேலை செய்தது. ஒரு பதிவிலிருந்து "பக்கத்துக் கடை." இன்னொன்றிலிருந்து "இப்ப வேண்டாம்." வேறொன்றிலிருந்து "தங்கச்சி, கொஞ்சம் பொறு." மூன்றையும் ஒட்டி, நடுவில் அவர் மூச்சு வாங்கும் சத்தத்தையும் வைத்தாள். தட்டினாள்.

"பக்கத்துக் கடை... இப்ப வேண்டாம். தங்கச்சி, கொஞ்சம் பொறு."

அவரேதான். அச்சு அசல். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன மாதிரியே இருந்தது. சொல்லாத வார்த்தையை, செத்தவர், இவள் சொல்லச் சொன்னதும் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை தட்டினால் இன்னொரு தடவை சொல்வார். எதை ஒட்டினாலும் சொல்வார். இனி என்றைக்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். "ஐயோ, மன்னிச்சுடுங்க" என்று நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒட்டியதை அழித்தாள். பட்டப்பகலில் தன் புருஷனுக்குப் பயந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடிவந்தாள்.

மறுநாள் காலை சேதி படித்தாள். பருத்தி நூல் விலை, லாரி வாடகை, கடைசியாகப் பஸ் ஸ்டாப். படித்து முடித்ததும் சந்தை ஆலோசனைக்குக் காத்திருந்தது. அவள் எதையும் தட்டவில்லை. ஷட்டர் ஒன்றும் எழும்பவில்லை. அவ்வளவு பெரிய சந்தை மூச்சுக் காட்டாமல் குழாயைப் பார்த்து நின்றது.

"இன்னிக்கு அவரு பேச மாட்டாரு," என்றாள் மைக்கில். "அவருக்கு இந்தப் பஸ் ஸ்டாப் சேதி தெரியாது. எனக்குத் தெரியும். மேற்கு வாசல் பக்கம் புதுசா கடை பிடிக்கறவங்க இப்ப பிடிக்காதீங்க. இது நான் சொல்றது. நானேதான் சொல்றேன்."

ரொம்ப நேரம் கழித்து எங்கோ ஒரு ஷட்டர் எழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றாக, தாறுமாறாக, சந்தை திறந்தது. பைக்கடைக்காரி அன்று இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் கடையைப் பிடிக்கவில்லை. பெல்ட் விற்பவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பதிவுகளை இவள் அதன் பிறகு போடவில்லை. சேதியோடு தனக்குத் தோன்றிய ஆலோசனையையும் சேர்த்துச் சொன்னாள்.

மேலே போன ஃபைல் மேலேயே இருந்துவிட்டது. பஸ் ஸ்டாப் ஓர் அங்குலம் நகரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் மேற்கு வாசலில் கூட்டம் நெரிந்தது. பெல்ட்காரர் தன் கடையில் பையையும் சேர்த்துத் தொங்கவிட்டார்.

அதைப் பார்த்த அன்று சாயங்காலமே பைக்கடைக்காரி மைக் அறைக்குள் புயலாக நுழைந்தாள்.

"உங்களால கெட்டேன் அண்ணி. அந்தக் கடை எனக்கு வந்திருக்கணும். என் கண்ணு முன்னாடி அந்தாளு பை விக்கறான். பெருசா சேதி சொல்ல வந்துட்டீங்க. உங்க வாய்ச் சொல்ல நம்பி நாசமாப் போனேன். பதில் சொல்லுங்க."

"தப்பாப் போச்சும்மா," என்றாள் இவள். "எனக்குத் தெரிஞ்சத வெச்சுச் சொன்னேன். வீடு போயிடுமேன்னு பயந்தேன். தப்பாப் போச்சு."

பைக்கடைக்காரி இன்னும் என்னென்னவோ கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இவள் பதில் சொன்னாள். சிலதுக்குக் கோபமாகவும் சொன்னாள். இருவர் குரலும் ஏறி, பிறகு தானாகவே இறங்கியது. பைக்கடைக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்க்காமல், அந்தக் காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது யாருடைய நாற்காலி என்று பார்த்தாள். கைப்பிடியை மெல்லத் தடவினாள். அவள் முகம் மாறியது.

"அண்ணன் செத்துட்டாரு, இல்ல அண்ணி?" என்றாள்.

"ஆமாம்மா," என்றாள் இவள். "செத்துட்டாரு."

பைக்கடைக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இவள் எழுந்து போய் அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.