வீட்டிலிருந்து இரண்டு பதில்கள்

அக்காவுக்குக் குரல் போன பிறகுதான் எங்கள் குடும்பத்துக்குள் இமெயில் வந்தது. அதற்கு முன்பு அது அலுவலகக்காரர்கள் பேசிக்கொள்கிற ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

அக்கா எழுபதுகளில் நர்ஸ் வேலை படிக்க இங்கிலாந்து போனவர். போனவர் அங்கேயே இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தீபாவளிக்கும் அம்மா திதிக்கும் போன் செய்வார். மற்ற நாட்களில் நீலநிற ஏரோகிராம் வரும், நாங்களும் எழுதுவோம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அண்ணனோ நானோ எழுதி, கடைசியில் பெயர் போடாமல் 'வீட்டிலிருந்து' என்று முடிப்போம். யார் பேனா பிடித்தாலும் அது எல்லாரும் சேர்ந்து எழுதிய கடிதம் என்பது அம்மாவின் கணக்கு. அம்மா போன பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. அண்ணன் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கும். என் எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துபோல உருண்டையாக இருக்கும். மடிப்பைப் பிரிக்கும்போதே யார் எழுதியது என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவரோடு வேலை செய்த, ஈப்போவிலிருந்து போன ஒரு சீனப் பெண்மணிதான் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னார். இனி போனில் பேச முடியாது, கடிதம் வந்து சேரப் பத்து நாளாகிறது, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் இருந்தார், அண்ணியோடு. நான் தீவில், ஜெலுத்தோங்கில் அம்மா இருந்த அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தேன். பக்கத்திலேயே ஒரு புத்தகக் கடையில், பில் போடுவது, போட்டோஸ்டாட் எடுப்பது என்று வேலை. ஐந்தாம் பாரத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள். ஆள் முகம் பார்த்துப் பேசவே கூச்சப்படுவேன். அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கினார், இணையத்துக்குப் பணம் கட்டினார், ஒரு முகவரியும் வாங்கினார். சில வாரம் கழித்து அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கீழே ரகசியச் சொல்லையும் எழுதி என்னிடம் கொடுத்தார்.

"இது நம்ம வீட்டு அட்ரஸ். ஒண்ணே ஒண்ணுதான். நான் வீட்டுல ப்ரோகிராம்ல எடுத்துடுவேன். நீ சைபர் கஃபேல போயி இன்டர்நெட்லயும் பாக்கலாம். ரெண்டும் ஒரே பெட்டிதான் லா."

ஒரே பெட்டி என்றதை நான் அப்படியே நம்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைபர் கஃபேக்குப் போவேன். அதை நடத்திய சீன ஆள் மலாய் மொழியில் ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். முகவரியை அடி, ரகசியச் சொல்லை அடி, வந்திருப்பதைத் தொடு, பதில் எழுத இந்தப் பொத்தானை அமுக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். புதிதாக ஒரு கடிதம் தொடங்க எனக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். வந்த கடிதம் இருந்தால்தான் என்னால் பதில் எழுத முடியும். ஆனால் நான் போகும்போதெல்லாம் பெட்டி காலி.

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அக்கா எழுதுவது அவர் ஊர் நேரப்படி சாயங்காலம். இங்கே வந்து சேரும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். அண்ணன் வேலைக்குப் போவதற்கு முன் கம்ப்யூட்டரில் போன் கம்பியை மாட்டி, "மெயில் எடுத்துட்டுதான்" கிளம்புவார். எடுத்துவிட்டார் என்றால் பெட்டியில் எப்படி இருக்கும்? தபால்காரர் போட்டதை ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவருக்கு அது இல்லைதானே. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் பெர்ரியில் வந்து, அச்செடுத்த தாள்களை மேசையில் வைத்து வாசிப்பார். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். வாசிக்க அவரே திணறுவார்.

"'மீன் கறி' போட்டிருக்காளா, 'மேன் கறி'யா? அங்க போயி மனுசனத் திங்கிறாளா என்ன?"

"அண்ணே, அவங்களால மெல்லவே முடியாதுன்னு போன வாரம் எழுதுனாங்க."

"தெரியும். சும்மா சொன்னேன்."

நான் கேட்க நினைப்பதை அவரிடம் சொல்வேன். அவர் வீட்டுக்குப் போய் எழுதுவார். 'வீட்டிலிருந்து' என்று முடிப்பார். அக்காவைப் பொறுத்தவரை அந்த முகவரியிலிருந்து வந்ததெல்லாம் வீடு.

ஒருமுறை அண்ணனை அலுவலகத்தில் பயிற்சி என்று ஜொகூருக்கு அனுப்பினார்கள். அண்ணி கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். அந்த வாரம் நான் சைபர் கஃபேயில் பெட்டியைத் திறந்தபோது முதல்முறையாக ஒரு வரி கறுப்பாகத் தடித்து நின்றது. அக்கா பெயர்.

அக்கா சுருக்கமாக எழுதியிருந்தார். நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இனி செய்ய அதிகமில்லை. இப்போது என்றால் விமானம் ஏறலாம், பிறகு விட மாட்டோம் என்கிறார் டாக்டர். ஜெலுத்தோங் வீட்டில் அம்மா படுத்த அறை இருக்கிறதா? அங்கே வந்துவிடலாமா? யோசித்துச் சொல்லுங்கள்.

நான் யோசிக்கவில்லை. பதில் பொத்தானை அமுக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். வா அக்கா. ரூம் இருக்கு. நான் பாத்துக்கிறேன். உடனே வா. கடைசியில் கை தானாக 'வீட்டிலிருந்து' என்று போட்டது. வேறு எப்படி ஒரு கடிதத்தை முடிப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒரே பெட்டி. அவர் வந்து திறந்தால் அக்காவின் கடிதமும் இருக்கும், கீழே என் பதிலும் இருக்கும் என்று நினைத்தேன். நேரில் சொல்லி அவர் முகத்தைப் பார்ப்பதைவிட அது எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். பெட்டி காலி. சரி, அண்ணன் வந்துவிட்டார், எடுத்துவிட்டார், பார்த்திருப்பார். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. பயணத்தில் காய்ச்சல் கண்டுவிட்டதாக அண்ணி போனில் சொன்னார். நான் அறையைக் கழுவினேன். சுவரில் ஈரம் ஊறிய இடத்துக்கு ஒரு பக்கத்துவீட்டுக்காரரை வைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். பாசார் சந்தையிலிருந்து மெத்தையும் இரண்டு தலையணை உறையும் வாங்கி வந்தேன். மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட்டவர்கள் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும் என்று கடைக்கு வந்த ஒரு நர்ஸ் சொன்னதால், மூன்றாவதாக ஒரு தலையணையும் வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். கையில் ஒரே ஒரு தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அறைக் கதவருகே நின்றுவிட்டார்.

"யாரு வர்றா?"

"அக்காதான்."

"எந்த அக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு எத்தன அக்கா அண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். புது மெத்தையின் பிளாஸ்டிக் உறை அவருக்குக் கீழே கரகரவென்று சத்தம் போட்டது. தாளை நீட்டினார்.

"இத படி. எனக்கு ஒண்ணும் புரியல. முதல் பதில், ரெண்டாம் பதிலுன்னு என்னமோ எழுதியிருக்கா. நான் ஒரு பதில்தான போட்டேன்."

நான் வாசித்தேன். முதல் பதில் வந்ததும் டிக்கெட் எடுத்தேன். இரண்டாம் பதில் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் ஆசையில் சொல்லியிருப்பீர்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். நோயாளியை வைத்துப் பார்ப்பது லேசு இல்லை, நர்ஸாக இருந்த எனக்குத் தெரியாதா. கோபம் இல்லை. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

"நீங்க என்ன எழுதுனீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"வராதேன்னு எழுதுனேன். அங்க ஆஸ்பத்திரி இருக்கு, வலிக்கு மருந்து இருக்கு. இங்க வந்து என்ன பண்ணுவா? நீ வேலைக்குப் போயிட்டா யாரு பாப்பா? நல்லதுக்குத்தான் எழுதுனேன்."

"நான் வான்னு எழுதுனேன்."

"நீயா? எப்ப?"

"நீங்க ஜொகூர்ல இருக்கறப்ப. பெட்டியில இருக்குமே. நீங்க பாக்கலயா?"

"அவ லெட்டர் மட்டும்தான் வந்துச்சு. புதுசாத்தான் வந்துச்சு. யாரும் தொட்ட மாதிரியே இல்ல."

 கீழே மோட்டார் சைக்கிள் பட்டறையில் யாரோ இன்ஜினை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"நீ உன் பேர போட்டிருக்கலாம் லா," என்றார் கடைசியில்.

"நீங்களும் போடலையே அண்ணே."

அவர் எழுந்து, "வா போவோம்," என்றார்.

பெர்ரியில் அவர் என் பக்கத்தில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். பாகான் டாலாம் வீட்டில் அண்ணி டீ போட்டு வைத்தார், யாரும் குடிக்கவில்லை. அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து, அனுப்பிய கடிதங்கள் இருக்கும் இடத்தைக் காட்டினார். அவர் எழுதியவை எல்லாம் இருந்தன. நான் எழுதியது இல்லை. பிறகு இருவரும் சேர்ந்து எழுதினோம். அவர் அடித்தார், நான் சொன்னேன். சில இடத்தில் அவர் நிறுத்திவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முதல் பதில் தங்கச்சி எழுதியது, இரண்டாவது நான் எழுதியது, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, இப்போது இரண்டு பேரும் சொல்கிறோம், வா. கீழே இருவர் பெயரும் போட்டோம்.

மறுநாள் நான் லீவு போட்டு அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்கு அவரோடு போனேன். கடைக்காரர் எங்கள் ஆள்தான், முப்பது வயது இருக்கும். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, இன்டர்நெட்ல இருக்கறது கம்பெனிக்காரன் பெட்டி. உங்க ப்ரோகிராம் என்ன பண்ணும், அதுல வந்தத எல்லாம் அள்ளி உங்க மெஷினுக்குக் கொண்டாந்துட்டு, அங்க அழிச்சிடும். இந்த அக்கா சைபர் கஃபேல போயி பாத்தா காலிதான். அவங்க அங்கேருந்து அனுப்புனா, அது அங்கயே கெடக்கும். அனுப்புனத உங்க ப்ரோகிராம் எடுக்காது. வந்ததத்தான் எடுக்கும்."

"அப்ப ஒரே பெட்டின்னு சொன்னியே," என்றார் அண்ணன்.

"வர்ற வழி ஒண்ணு அண்ணே. வைக்கிற எடம் வேற."

"காப்பி ஒண்ணு அங்க விட்டுட்டு வர முடியாதா?"

"முடியும். ஒரு டிக் போட்டா போதும். மெஷின் வாங்குன புதுசுல போட்டுத்தான் வச்சிருந்தேன். நீங்கதான் வந்து கத்துனீங்க, பெட்டி ரொம்பிடுச்சு, இங்கிலாந்துத் தங்கச்சி அனுப்புன போட்டோ திரும்பிப் போச்சுன்னு. அதான் எடுத்து விட்டேன்."

 "ஆமா. நான்தான் சொன்னேன்," என்றார் அண்ணன்.

டிக் போட்டுக்கொண்டோம். அன்றிலிருந்து வருவதெல்லாம் எனக்கும் தெரிந்தது. அண்ணன் காலையில் எடுத்துக்கொள்வார், பிரதி அங்கேயே இருக்கும். அந்த வாரமே அக்காவின் பதில் வந்தது. அடித்தது ஈப்போக்காரப் பெண்மணி, சொன்னது அக்கா. நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறது. டாக்டர் இனி விமானத்தில் விட மாட்டார். இரண்டு பேரும் வா என்று சொன்னதே போதும். அறையைச் சும்மா வைத்திருக்காதே, வாடகைக்கு விடு.

அண்ணன் இங்கிலாந்து போய்வர விண்ணப்பத் தாள்கள் எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டுக்கும் விடுமுறைக்கும் அலைந்துகொண்டிருக்கும்போதே அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டதாகத் தகவல் வந்தது. இனி எந்த நாளும் முடிந்துவிடலாம், எழுதுகிறேன், மெயிலைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று அந்தப் பெண்மணி எழுதியிருந்தார்.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்தால் மேலே சிவப்பில் ஒரு வரி. சைபர் கஃபே ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பெனோ," என்றார். நிறைந்துவிட்டது. இதற்கு மேல் வருகிற கடிதம் உள்ளே வராது, திரும்பிப் போய்விடும்.

அண்ணன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"பழசெல்லாம் அழிச்சிடு," என்றார். "எங்கிட்ட எல்லாம் பத்திரமா இருக்கு."

முதலில் விளம்பரங்களை அழித்தேன். அண்ணனின் நண்பர்கள் அனுப்பிய நகைச்சுவைப் படங்களையும், வந்திருந்த பழைய கடிதங்களையும் அழித்தேன். சிவப்பு வரி போகவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை அக்காவின் போட்டோக்கள், டிக் போட்ட பிறகு அந்தப் பெண்மணி ஸ்கேன் செய்து அனுப்பியவை. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஒன்று. கழுத்தில் துணி கட்டி, பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் ஒன்று. கையை மட்டும் ஆட்டிக் காட்டும் ஒன்று.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். திறக்க வெகுநேரம் பிடித்தது. நெற்றியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கும் படம், கண், மூக்கு, பிறகு அந்தத் துணி. பார்த்து முடித்து அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். கடைசிப் படத்தை அழித்ததும் சிவப்பு வரி மறைந்தது.

சைபர் கஃபேக்காரர் நேரம் தாண்டிவிட்டது என்றார். எழுந்து கடைக்கு வேலைக்குப் போனேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஈப்போக்காரப் பெண்மணியின் கடிதம் வந்தது. தங்குதடையில்லாமல் உள்ளே வந்து, தடித்த எழுத்தில் பெட்டியில் முதலாவதாக நின்றது. அதைத் தவிரப் பெட்டியில் வேறொன்றும் இல்லை.