மணிவேல் அண்ணனின் டிரெய்னி போர்ஷே

பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி வரை, வேண்டுமானால் இலங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காற்றுக்கு முன்னால் போய் நின்று "ஏன் இவ்வளவு நேரம்?" என்று காற்றையே கேட்ட கார் ஒன்று உண்டென்றால் அது எங்கள் மணிவேல் அண்ணனின் போர்ஷேதான். அது ஓசூரில் ஸ்டார்ட் ஆனால் கிருஷ்ணகிரி அணையில் அலையடிக்கும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்காரர்களுக்கு அது கடந்துபோன விஷயம் மறுநாள்தான் தெரியவரும்.

உண்மையைச் சொன்னால், அது ஓசூருக்கு வந்ததே டெம்போவில் ஏறித்தான்.

மணிவேல் அண்ணன் கோவில்பட்டிப் பக்கம். சிப்காட்டில் பிரேக் டிரம் வார்க்கும் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். தொப்பி வைத்த இன்ஸ்பெக்டர் இல்லை. கடைந்து வரும் டிரம்மை அளந்து பார்த்து பச்சை ஸ்டிக்கரோ சிவப்பு ஸ்டிக்கரோ ஒட்டுகிறவர். வீட்டிலும் அதே புத்தி. மனைவி ஜோதிமணி அக்கா சுட்டுப்போடும் தோசையை ஓரம் தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் வைப்பார். ஒரு நாள் வாய் தவறி "ரீவொர்க்" என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்க கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டார்.

நாங்கள் எதிர்வீடு. மத்தூரிலிருந்து வந்தவர்கள். அம்மா சரோஜம்மாள் பாகலூர் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ப்ளஸ் ஒன் பாதியில் நானும் பள்ளிக்கூடமும் மனமொத்துப் பிரிந்துவிட்டதால், பகலில் பூத்தில் உட்காருவது என் பொறுப்பு. போன் சும்மா இருக்கும்போது கை மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? தாலுகா ஆபீஸ் குரல், கேஸ் ஏஜென்சி குரல், பெண் வீட்டார் குரல் என்று நான்கைந்து குரல் கைவசம் இருந்தது. அந்தக் குரல்களில் என் போன் போன வீட்டார் பட்ட பாட்டை இங்கே விரித்தால் கதை திசைமாறிவிடும்.

கார் பெங்களூரில் ஒரு ஷெட்டில் தார்ப்பாய்க்கடியில் வருடக்கணக்காகக் கிடந்தது. போர்ஷே 924. யாரோ எப்போதோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பல கை மாறி, கடைசியில் எலிகள் கைக்குப் போயிருந்தது. அண்ணனுக்கு அது ஒரு சின்னப் புதுக் காரைவிட மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்பது பானட்டைத் திறந்ததும் புரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் விழுங்கி, பாதி சாமானை சிப்காட் லேத்துகளில் கடைந்து வாங்கி, 2006 தீபாவளிக்கு அதை ஓடவைத்தார். கர்நாடகா நம்பர் பிளேட்டோடு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கந்தன் டீக்கடை முன்னால் நிறுத்தினார்.

கந்தன் அண்ணன் டபராவைக் கழுவிக்கொண்டே பார்த்தார். "ஸ்போர்ட்ஸ் கார்னா கதவு மேல தெறக்கணுமே. இது நம்ம அம்பாசிடர் மாதிரி பக்கத்துல தெறக்குது."

"செவப்பா இருக்கணும்ணா," என்றேன் நான். "இது என்ன, அழுக்குப் பச்சை."

"பின்னாடி சீட்டு வேற இருக்குது," என்றார் கந்தன்.

"அதுல ஸ்கூல் பையத்தான் உக்கார வைக்க முடியும்," என்றார் அண்ணன். கோபமே இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "போர்ஷேயிலயே இதுதான்லே முதல் படி. இதே இன்ஜின் வேன்லயும் ஓடிச்சு. போர்ஷே வச்சிருக்கவங்களே பல பேரு இதைச் சேத்துக்கிட மாட்டாங்க."

"அப்ப இது போர்ஷே இல்லியாண்ணா?"

"கம்பெனியில டிரெய்னி இருக்கான்லா? அவன் எம்ப்ளாயியா, இல்லையா?"

"கேன்டீன் டோக்கன் குடுத்தா எம்ப்ளாயி," என்றார் கந்தன். டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஜோதிமணி அக்கா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பெர்மனென்ட் ஆவதற்கு முன்னால் அண்ணன் பல வருடம் கான்ட்ராக்ட். வேறு கலர் சட்டை. ஆயுதபூஜை அன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாக குரூப் போட்டோ எடுப்பார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் அதில் நிற்கக் கூடாது. அண்ணன் ஒவ்வொரு வருடமும் போட்டோக்காரர் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கிளப் ஒன்று இருந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாகக் கிளம்பி, ஓசூர் பைபாஸில் டிபன் சாப்பிட்டுவிட்டு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வரை போய்த் திரும்புவார்கள். அந்த வரிசையில் தன் வண்டியும் போக வேண்டும் என்பதுதான் அண்ணனுக்கு வேண்டியிருந்தது. வேறெதுவும் இல்லை. கடைசி வண்டியாகப் போனாலும் சரி. வண்டியின் போட்டோவை வைத்து செகரெட்டரி மோகன்குமாருக்குக் கடிதம் போட்டுவிட்டு, ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் வீட்டு லேண்ட்லைனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு மனிதர் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்?

"ஹலோ, மணிவேல் அவரா? நான் கிளப் செகரெட்டரி மோகன்குமார். போட்டோ நோடிதேவி, பாத்தோம். சென்னாகிதே, நல்லாருக்கு. ஆனா உயரம் ஜாஸ்தி."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருக்கிறார். "எவ்வளவு இருக்கணும் சார்?"

"நீங்க பக்கத்துல நின்னா, கூரை உங்க இடுப்புக்கு மேல ஒரு சாண். அதுக்கு மேல போகக் கூடாது."

"மில்லிமீட்டர்ல சொல்லுங்க சார்."

அங்கேதான் மாட்டினேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆயிரத்து இருநூத்தி அறுபது."

"டாலரன்ஸ் சார்?"

"ஏனு?"

"பிளஸ் மைனஸ் எவ்வளவு விடுவீங்க?"

"பிளஸ் கிடையாது. மைனஸ் உங்க இஷ்டம்."

"இப்ப ஆயிரத்து முந்நூறு இருக்கு சார். நம்ம ரோட்டுக்குன்னு நான்தான் கொஞ்சம் ஏத்தி வச்சேன். நாப்பது இறக்கணும். இறக்கிருதேன்."

போனை வைத்துவிட்டு பூத் கண்ணாடியில் முட்டிக்கொண்டு சிரித்தேன். எந்தக் கிறுக்கன் இதை நம்புவான் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் வேலைப் பழக்கம் எனக்குத் தெரியாது. கம்பெனியில் கஸ்டமர் ஒரு அளவு சொல்லிவிட்டால் அது ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அளவு வந்ததா, வேலை நடந்ததா, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரை ஜாக்கியில் ஏற்றினார். முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி அறுத்தார். பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பியைத் திருப்பி மாட்டினார். இறக்கி வைத்தபோது வண்டி தரையில் படுத்த எருமை மாதிரி இருந்தது.

"என்னண்ணா, குனிஞ்சிருச்சு?" என்றேன்.

"பழைய ஸ்பிரிங்லே. உக்காந்துருச்சு," என்றார். கந்தனுக்கும் அதே பதில். ஜோதிமணி அக்காவுக்கும் அதே பதில்தான்.

சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். அறுத்த ஸ்பிரிங்கை ஒட்டவைக்கவா முடியும்?

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நிஜ மோகன்குமாரே கூப்பிட்டுவிட்டார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு பைபாஸ் ஓட்டலுக்கு வந்து வரிசையில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். அண்ணன் இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் நேரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காதான் அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டு, புளியோதரைக்குப் புளி ஊறப்போடப் போனார்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் வண்டியை வெளியே எடுத்துப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு ஒரு முனையில் காம்பவுண்டுச் சுவர். வெளியே போக இருக்கும் இன்னொரு முனையில் வேகத்தடை. யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டில் தெருக்காரர்களே போட்டது. எந்த இன்ஜினியரும் பார்க்காததால் அது ஒரு குட்டி மலை. போர்ஷேயின் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு நடுவயிறு மலைமேல் உட்கார்ந்தது. சக்கரம் சும்மா சுற்றியது.

"நல்லாப் பறக்குது போ," என்றார் வேடிக்கை பார்த்த ஒருவர்.

நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பின்னால் தள்ளினோம். சைலன்சர் நசுங்கியிருந்தது. மாற்று ஸ்பிரிங் அன்றைக்கே எங்கும் கிடைக்காது. அண்ணன் வண்டியை உள்ளே விட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடி, கையைக் கழுவிக்கொண்டு இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பினார். வாசலில் அக்காவிடம், "நாளைக்குப் போகல," என்றார். அக்கா ஊறிய புளியில் ரசம் வைத்தார். அந்த வாசனை எங்கள் வீடு வரை வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே கிளம்பினேன்.

பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் சென்ட்ரிங் பலகைகள் கிடந்தன. வாட்ச்மேனுக்கு பூத்திலிருந்து ஊருக்குப் பேச ஒரு போன் இலவசம், எனக்கு ஒரு நாள் பலகை என்று பேசி முடித்தேன். வண்டி இறங்கிய நாற்பது மில்லி கனம் எந்தப் பலகைக்கும் இல்லை. மேலே ஒவ்வொரு மரப்பட்டி வைத்து ஆணியடித்துச் சரிசெய்தேன். ஞாயிறு விடிந்ததும் வேகத்தடைக்குக் குறுக்காக, டயர் தடம் பார்த்து, இரண்டு பக்கமும் பலகை போட்டு, முனைகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன், கையில் பால் தூக்குடன்.

"என்னலே பண்ணுத?"

"பலகைண்ணா."

"அது தெரியுது."

குனிந்தார். சட்டைப் பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு பலகையிலும் வைத்தார். ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய் விலகும் சத்தம், அக்கா அவசரமாகக் கொண்டை போடும் வளையல் சத்தம், பிறகு இன்ஜின்.

நான் முன்னால் நின்று கையைக் காட்டினேன். "லெப்ட்ல கொஞ்சம்ணா. வாங்க வாங்க. அப்படியே." பலகை முனகியது. முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. வயிறு கான்கிரீட்டைத் தொடாமல் மேலே போனது. பின்சக்கரமும் இறங்கியது. பாகலூர் ரோட்டின் ஓரத்தில் வண்டி நின்றது. ஏழாக இன்னும் நேரம் இருந்தது.

கண்ணாடி இறங்கியது. "ஏலே ஸ்ரீராம், இங்க வா."

போனேன்.

"நாப்பது மில்லின்னு உனக்கு யாரு சொன்னா?"

"வண்டி தாழ்ந்தது தெருவுக்கே தெரியுமேண்ணா."

"தாழ்ந்தது தெரியும். நாப்பதுன்னு தெரியாது. வீட்டுல கூட நான் சொல்லல. ஒரே ஒரு ஆளுகிட்டதான் போன்ல சொன்னேன்."

நான் செங்கல்லைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை மோகன்குமார் சார் கூப்பிட்டாருல்லா? நீங்க சொன்ன உயரத்துக்கு இறக்கிட்டேன் சார்னேன். 'என்ன உயரம், யார் சொன்னது'ன்னு கேக்காரு மனுசன்."

பக்கத்து சீட்டில் அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்தார்.

"நாங்க திரும்பி வர சாயந்தரம் ஆயிரும்," என்றார் அண்ணன், கியரைப் போட்டுக்கொண்டே. "அதுவரைக்கும் பலகைய யாரும் எடுக்காமப் பாத்துக்கிடுங்க, செகரெட்டரி சார்."